டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது!

"வீட்டைக் கட்டிப்பார்" என்று சொல்லி வைத்த முன்னோர்கள் குளியலறையை வீட்டுக்கு வெளியே வைத்திருந்தார்கள். கிணற்றடியில் ஒரு துவைகல், சுற்றி நாலு கீற்றுத் தட்டி, அவ்வளவுதான். ஊற்றிய தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போனது. ஒழுகினால் யாருக்கு நஷ்டம்? இன்றைக்கு அதே குளியல் மாடியில், படுக்கையறைக்குப் பக்கத்தில், இன்னொருவர் தலைக்கு மேலே நடக்கிறது. தண்ணீரின் குணம் மாறவில்லை. அது எப்போதும் போலக் கீழேதான் போகப் பார்க்கிறது. கீழே இருப்பதுதான் மாறிவிட்டது... வாழை மரத்துக்குப் பதில் சாப்பாட்டு மேசை!

திருநின்றவூரை எடுத்துக்கொள்வோம். சென்ட்ரலில் ஏறினால் ஆவடி, பட்டாபிராம் தாண்டி வரும் ஊர். 2021இல்தான் நகராட்சி ஆனது. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அரை கிரவுண்டு மனை வாங்கி, பேங்க் லோன் போட்டு வீடு கட்டும் ஊர். கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்: கீழே தாங்கள், மேலே வாடகைக்கு. வாடகை வந்தால் இ.எம்.ஐ.யில் கொஞ்சம் இறங்கும். இந்தக் கணக்கைக் கெடுப்பது வட்டி விகிதம் மட்டும் இல்லை. மாடியில் இருக்கும் ஐந்துக்கு ஏழு அடிக் குளியலறையும்தான்.

குடி வந்து ஒன்றிரண்டு வருஷத்தில் கீழ்வீட்டு சீலிங்கில் தட்டு அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் தெரியும். பெயிண்ட் அடிப்பார்கள். மறுபடியும் வரும். அடுத்து பெயிண்ட் உரியும், உப்புப் பூக்கும். பிளம்பரைக் கூப்பிட்டால் "பைப் நல்லாத்தான் இருக்கு சார், டைல்ஸ் வேலை சரியில்ல" என்பார். டைல்ஸ் மேஸ்திரியைக் கூப்பிட்டால் "நம்ம வேலை சுத்தம் சார், பைப்லதான் லீக்" என்பார். கடைசியில் மாடியில் குடியிருப்பவரோடு சண்டை: "கொஞ்சம் தண்ணி கம்மியா ஊத்தி குளிங்க!"

உண்மையில் குற்றவாளி இந்த மூவருமே இல்லை. போட்டிருக்க வேண்டிய, ஆனால் போடாமல் விட்ட ஒரு அடுக்குதான் குற்றவாளி. டைல்ஸுக்குக் கீழே, வெறும் ஒரு மில்லிமீட்டர் கனத்தில்.

கறைதானே, போனால் போகிறது?

அப்படி விட முடியாது. சீலிங் கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றும். ஆனால் வருஷக்கணக்கில் ஈரமும் காற்றும் மாறி மாறிப் போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கம்பி துருப்பிடித்தால் இளைக்கும் என்றுதான் நினைப்போம். துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இருந்து நெம்பும். முதலில் கம்பி ஓடும் வழியிலேயே வெடிப்பு வரும், பிறகு அடிப்பூச்சு பாளம் பாளமாக விழும். கீழே தொட்டில் இருக்கிறதா, கட்டில் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

டைல்ஸ் போட்டாச்சே, அப்புறம் என்ன?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே தண்ணீரை உறிஞ்சும். அதாவது டைல்ஸ் நல்ல பிள்ளைதான். பிரச்சனை இரண்டு டைல்ஸுக்கு நடுவில்!

ஒரு சின்னக் கணக்கு. 5 அடிக்கு 7 அடி தரையில் ஓரடி டைல்ஸ் போட்டால் 35 டைல்ஸ். அவற்றுக்கு நடுவே ஓடும் இணைப்புக் கோடுகளின் நீளத்தைக் கூட்டினால் 58 அடி. சுவரோடு தரை சேரும் ஓரம் இன்னொரு 24 அடி. மொத்தம் 82 அடி. இந்த 82 அடியையும் வெள்ளை சிமெண்ட் கொண்டு அடைத்துவிட்டு, "இனி தண்ணீர் போகாது" என்று நம்புகிறோம். சிமெண்ட் கிரவுட் தண்ணீர் குடிக்கும். எபாக்ஸி கிரவுட் குடிக்காது, அது நல்ல பொருள்தான். ஆனால் சுவரும் தரையும் சேரும் மூலையில் இரண்டும் வெவ்வேறு மாதிரி அசைவதால் எதைப் போட்டு அடைத்தாலும் மயிரிழை விரிசல் வரும். அது போதும், தண்ணீருக்கு வாசல் திறந்த மாதிரி.

நம் ஊர்க் குளியலறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கழிவுநீர்க் குழாய்கள் தரைக்குள்ளேயே ஓடட்டும் என்று அந்த இடத்தில் மட்டும் ரூஃப் கான்கிரீட்டை முக்காலடி, ஓரடி இறக்கிப் போடுவார்கள். சங்கன் ஸ்லாப் என்பார்கள். குழாய் போட்டபின் அந்தப் பள்ளத்தை உடைந்த செங்கல், ரப்பிஷ் கொண்டு நிரப்பி, மேலே தளம் போட்டு டைல்ஸ் ஒட்டுவார்கள். டைல்ஸ் வழியாக இறங்கும் தண்ணீர் இந்தப் பள்ளத்தில் தேங்கும். காலடியில் ஒரு குட்டிக் குளம்! அதனால்தான் மேலே கிரவுட்டைப் புதுப்பித்த பிறகும் கீழே மாதக்கணக்கில் சொட்டுகிறது. குளம் வற்ற வேண்டாமா?

எந்தப் பொருள்?

இணையத்தில் தேடினால் முதலில் வருவது அமெரிக்க வழி. அங்கே ஷவர் என்பது அறையின் ஒரு மூலை. அந்த மூலைக்கு மட்டும் சுமார் ஒரு மில்லிமீட்டர் கன பி.வி.சி. ஷீட்டை விரித்து, ஓரங்களை மடித்து மேலே ஏற்றி, நடுவில் இருக்கும் வடிகாலில் வளையம் வைத்து முறுக்கிவிடுவார்கள். அந்த வடிகாலில் ஷீட்டைப் பிடிக்க ஒரு வளையமும், ஷீட்டின் மேல் இறங்கிய தண்ணீர் உள்ளே வடியச் சின்னத் துளைகளும் இருக்கும். மரச்சட்டத்தில் கட்டிய வீட்டுக்கு அது அருமையான ஏற்பாடு. மரம் அசையும், ஷீட் தாங்கும்.

திருநின்றவூரில் அது சரிப்படுமா? கஷ்டம். முதல் காரணம், கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் நானி டிராப்பில் ஷீட்டைப் பிடிக்கும் வளையம் கிடையாது. பிடிப்பு இல்லாத ஷீட், அடியில்லாத வாளி. இரண்டாவது காரணம், நமக்கு ஷவர் என்று தனி மூலை இல்லை. பக்கெட்டில் பிடித்து ஊற்றுவோம், துணி துவைப்போம், அறை முழுக்கக் கழுவி விடுவோம். அறை முழுவதும்தான் நம் ஷவர். அதில் கழிப்பறைக் குழாய், தண்ணீர்க் குழாய், நானி டிராப் என்று பல துளைகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஷீட்டை வெட்டி ஒட்டுவதற்குப் பழகிய கைகள் இங்கே குறைவு.

அடுத்தது தார் ஷீட். மொட்டை மாடியில் பர்னர் கொண்டு உருக்கி ஒட்டுகிறார்களே, அது. பெரிய பரப்புக்கு நல்லது. ஐந்தடி அறைக்குள் மூலைக்கு மூலை மடிப்பு விழும். பக்கத்திலேயே பி.வி.சி. குழாய் இருக்கும் இடத்தில் நெருப்பைக் காட்டவும் முடியாது. தாரின் மேல் சிமெண்ட் கலவை சரியாகப் பிடிக்காது என்பது வேறு.

மூன்றாவது, கலவையில் ஊற்றும் லிக்விட். திருநின்றவூர் ஹார்டுவேர் கடையில் "வாட்டர் புரூஃப் குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் இதுதான் கைக்கு வரும். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு சுமார் 200 மில்லி. ஐ.எஸ். 2645 என்று இதற்கு இந்தியத் தரநிலையே உண்டு. ஏமாற்று வேலை இல்லை. கலவையை இறுக்கமாக்கும், நுண்துளைகளைக் குறைக்கும். ஆனால் கலவையில் விரிசல் விட்டால் விரிசல்தான். லிக்விட் குதித்து வந்து அடைக்காது. இதை மட்டும் ஊற்றிவிட்டு "வாட்டர் புரூஃபிங் பண்ணியாச்சு" என்று சொல்வது, சாம்பாரில் பெருங்காயம் போட்டுவிட்டுப் பருப்பு வேண்டாம் என்பது மாதிரி.

நான்காவது, பாலியூரித்தேன் பூச்சு. ரப்பர் போல நீளும், விரிசலைத் தாங்கும். எல்லாம் சரி. ஆனால் தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் அடித்தால் கொப்புளம் கிளம்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டும் வீட்டில் காய்ந்த தரைக்கு எங்கே போவது? மேலே டைல்ஸ் ஒட்ட வேண்டுமானால் ஈரம் ஆறுமுன் மணல் தூவி சொரசொரப்பாக்க வேண்டும். அதைத் தெரிந்து செய்பவர் கிடைத்தால் தாராளமாகப் போடலாம்.

ஐந்தாவது, இரண்டு பாகப் பூச்சு. ஒரு பையில் சிமெண்ட் கலந்த பவுடர், ஒரு கேனில் பால் போன்ற அக்ரிலிக் பாலிமர். இரண்டையும் கலந்து பிரஷ்ஷால் அடிப்பது. ஃபோஸ்ராக்கின் பிரஷ்பாண்ட், டாக்டர் ஃபிக்ஸிட்டின் பிடிஃபின் 2கே போன்றவை இந்த வகை. லேசான ஈரத்தரையிலும் பிடிக்கும். இன்னும் சொல்லப் போனால் தரையை நனைத்துவிட்டுத்தான் அடிக்கவே சொல்வார்கள். கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதன் மேலேயே கலவையும் டைல்ஸ் பசையும் ஒட்டும். சுவருக்கும் தரைக்கும் குழாயைச் சுற்றியும் ஒரே பூச்சு, மடிப்பு இல்லை, ஒட்டு இல்லை. நெருப்பு வேண்டாம், தனி இயந்திரம் வேண்டாம். சிமெண்ட் பழகிய நம் மேஸ்திரியின் கைக்கு அது புதுசும் இல்லை.

ஆக, காரைத் தளம், நானி டிராப், அறை முழுக்க ஈரம், உள்ளூர் மேஸ்திரி என்ற இந்த நாலையும் வைத்துப் பார்த்தால் ஐந்தாவதுதான் பொருத்தம். உலகத்திலேயே சிறந்த பொருள் என்பதால் அல்ல. இந்த வீட்டில், இந்தக் கைகளால், தப்பில்லாமல் போடக்கூடிய பொருள் என்பதால். எந்தக் கம்பெனி என்பது அதற்கு அடுத்த கேள்விதான். டைல்ஸுக்கு அடியில் போடும் திரவப் பூச்சுகளுக்கு ஐரோப்பாவில் இ.என். 14891 என்றும் அமெரிக்காவில் ஏ.என்.எஸ்.ஐ. ஏ118.10 என்றும் தரநிலைகள் உண்டு. கம்பெனியின் விவரத்தாளில் இந்த எண்களில் ஒன்று இருந்தால் கூடுதல் நம்பிக்கை வைக்கலாம். விளம்பரத்தில் அமிதாப் பச்சன் வருகிறாரா என்பதைவிட அது முக்கியம்!

எங்கே, எவ்வளவு?

ஒருமுறை அல்ல, இருமுறை. முதலில் சங்கன் ஸ்லாப்பின் அடியிலும் நாலு பக்கச் சுவரிலும், ரப்பிஷ் கொட்டுவதற்கு முன்பு. பிறகு ரப்பிஷ்ஷை நிரப்பித் தளம் போட்ட பின், டைல்ஸுக்கு நேர் கீழே. மேல் பூச்சு குளிக்கிற தண்ணீரைத் தடுக்கும். கீழ் பூச்சு, என்றைக்காவது உள்ளே குழாய் கசிந்தால் காப்பாற்றும். பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து வெளிச்சுவருக்கு ஒரு சின்னக் குழாயும் விட்டுவிட வேண்டும். உள்ளே தண்ணீர் சேர்ந்தால் வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும்.

சுவரும் தரையும் சேரும் மூலைகளில் கலவையால் ஒரு சின்னச் சரிவு கொடுத்து, கண்ணாடி நார் வலையைப் பூச்சுக்கு நடுவே பதிக்க வேண்டும். விரிசல் முதலில் விடுவது அங்கேதான். ஸ்லாப்பைத் துளைத்துப் போகும் குழாய்களைச் சுற்றிச் சுருங்காத கிரவுட். முதல் கோட் ஒரு திசையில், இரண்டாவது கோட் அதற்குக் குறுக்கே. வாட்டம் பூச்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். டைல்ஸில் மட்டும் வாட்டம் கொடுத்தால் அடியில் இறங்கிய தண்ணீர் படுத்துக்கொள்ளும். அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்தால் 5 அடிக்கு ஒன்றே கால் அங்குலம்.

அளவைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. டைல்ஸுக்குக் கீழான அடுக்குக்குத் தரை 35 சதுர அடி. நாலு சுவரிலும் ஓரடி உயரத்துக்கு 24. குளிக்கும் மூலையில் பக்கத்துக்கு 3 அடியாக இரண்டு சுவரை 6 அடி உயரம் வரை ஏற்றினால் இன்னும் 30. மொத்தம் 89 சதுர அடி. ஒரு கதவின் இரண்டு பக்கத்துக்கும் பெயிண்ட் அடிப்பதைப் போல சுமார் இரண்டு மடங்கு வேலைதான். பிறகு டைல்ஸை உடைத்து, ரப்பிஷ்ஷை அள்ளி, எல்லாவற்றையும் முதலிலிருந்து போடும் செலவோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

இதையெல்லாம்விட முக்கியமானது

பொருளைத் தேர்ந்தெடுத்தாயிற்று, பூசியாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை. தண்ணீர் சொல்ல வேண்டும்!

பூச்சு காய்ந்தபின் நானி டிராப்பை அடைத்து, வாசற்படியில் சின்ன அணை கட்டி, 2 அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்த வேண்டும். 35 சதுர அடிக்கு சுமார் 165 லிட்டர். ஒரு பெரிய டிரம்முக்கும் குறைவு. சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு 48 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். கோட்டிலிருந்து நன்றாக இறங்கியிருந்தாலோ, கீழே சீலிங்கில் ஈரம் தெரிந்தாலோ, டைல்ஸ் ஒட்டக் கூடாது. சங்கனில் ஒருமுறை, மேலே ஒருமுறை. இதற்குக் காசு கிடையாது, நாள்தான் செலவு. அந்த நாள்தான் யாரிடமும் இல்லை!

ஏன் இல்லை? கிரகப்பிரவேசத் தேதி குறித்தாயிற்று. பத்திரிகை அடித்தாயிற்று. டைல்ஸ் மேஸ்திரிக்கு அடுத்த சைட்டில் வேலை காத்திருக்கிறது. "இதெல்லாம் எதுக்கு சார், நாங்க எத்தனை வீடு போட்டிருக்கோம்" என்று ஒரு வார்த்தை. சோதனை போச்சு. இதை மேஸ்திரியின் குற்றம் என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. கூலி சதுர அடிக்குப் பேசப்படுகிறது. காத்திருக்கும் இரண்டு நாளுக்கு அவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. காத்திருக்கச் சொல்பவர் அந்த நாட்களுக்கும் சேர்த்துப் பேசினால் அவரும் காத்திருப்பார்.

அவசரத்தின் விலை வெளிநாட்டிலும் இதேதான். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளியலறை நீர்க்காப்புக்கென்றே ஏ.எஸ். 3740 என்று தனித் தரநிலை உண்டு. அப்படியிருந்தும் நியூ சவுத் வேல்ஸில் 2021இல் அடுக்குமாடிக் கட்டடங்களின் பெரிய குறைகளை ஆராய்ந்தபோது முதலிடத்தில் நின்றது நீர்க்காப்புதான். தரநிலைத் தாள் தண்ணீரைத் தடுக்காது. போட்டவர் போட்டதையும் பார்த்தவர் பார்த்ததையும் பொறுத்தது அது.

சட்டம் கைகொடுக்காதா? கொஞ்சம் கொடுக்கும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் 14(3) பிரிவின்படி, வீடு ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத்திறனிலோ தரத்திலோ குறை வந்தால், சொன்ன 30 நாளுக்குள் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் வரும் திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத சிறு குடியிருப்புகளுக்கும் அந்தச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. தன் மனையில் தானே கான்ட்ராக்டர் வைத்துக் கட்டும் அரை கிரவுண்டுக்காரருக்கு பில்டர் என்று ஒருவரே கிடையாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கேயும் "என்ன எழுதி வாங்கினீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. எனவே கொட்டேஷனில் "வாட்டர் புரூஃபிங்" என்ற ஒற்றைச் சொல்லோடு விடாமல் பொருளின் பெயர், எத்தனை கோட், எவ்வளவு உயரம், 48 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை, சோதனைக்குப் பிறகே டைல்ஸ் பணம் என்று எழுதி வாங்குவதே சட்டத்தைவிடப் பெரிய காப்பு.

பூசலார் ஊர்

கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு மரியாதை கேட்பதற்குத் திருநின்றவூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பெரியபுராணத்தில் வரும் பூசலார் நாயனார் இந்த ஊர்க்காரர். கோயில் கட்டக் காசில்லை. மனசுக்குள்ளேயே கட்டினார். மனசுக்குள்தானே என்று அடித்தளத்தை விட்டுவிட்டு நேராகக் கலசத்துக்குப் போகவில்லை. நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டு, சிகரம் எழுப்பி, சுதை வேலை செய்து, கிணறு, குளம், மதில் என்று ஒன்று விடாமல் நெடுநாள் கட்டினார். அதே சமயம் காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா கற்கோயில் கட்டி, அதே நாளில் குடமுழுக்கு வைத்தார். சிவபெருமான் ராஜாவின் கனவில் வந்து, "நாளைக்கு நின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள்" என்றாராம். இன்றும் அந்த ஊரில் இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது.

கதையைப் பக்தியாகப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். வீடு கட்டுகிறவர்கள் இப்படியும் பார்க்கலாம்: யாருக்கும் தெரியாத ஒரு வேலை ஒழுங்காக முடிவதற்காக, ஒரு ராஜாவே குறித்த தேதியைத் தள்ளி வைத்த ஊர் இது. அந்த ஊரில் ஒரு குளியலறைக்காக டைல்ஸ் வேலையை நாலு நாள் தள்ளிப் போட முடியாதா?

விருந்தாளிகள் வந்து டைல்ஸின் டிசைனைப் பாராட்டுவார்கள். குழாயைத் திருகிப் பார்ப்பார்கள். டைல்ஸுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்க மாட்டார். கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். அதுவும் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால்.